குட்டி கிடக்கும் புல்லைக் காத்த களக்காவலருக்கு

பரந்த புல்வெளியைப் பார்வையாலேயே வேலியிட்டுக் காத்தவரே, வெயிலுக்கும் வெருட்டலுக்கும் விலகாத எங்கள் மூத்த களக்காவலரே, வணக்கம்.

வருகிற வண்டியையெல்லாம் கைநீட்டி மறித்ததால், முதுகுக்குப் பின்னால் தங்களுக்கு 'நில்லக்கா' என்று பெயர் வைத்திருந்தோம். தாங்கள் பணி ஓய்வு பெறும் இன்று மேடையேற்றி அதே பெயரால் அழைக்கிறோம், பொறுத்தருள்க.

தங்களோடு சுற்றித் திரிந்த நாட்களில் வெளிமானைக் கண்ணாரக் கண்டோம். மேனி மைக்கருமை, வயிறு வெண்மை, விழியைச் சுற்றி வெள்ளை வளையம், முறுக்கி நீண்ட கொம்பு என ஆண்மான் மிடுக்கோடு நிற்கும். ஒரே இடத்தில் புழுக்கையிட்டுத் தன் எல்லையை உரிமை கொண்டாடும். பெண்மானோ காய்ந்த புல்லின் நிறத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒன்று துள்ளினால் கூட்டமே துள்ளிப் பறக்கும். அந்த இனத்தில் ஓடாதது, பிறந்த குட்டி மட்டுமே. தாய் மேயப் போனால் புல்லுக்குள் மூச்சடக்கிக் கிடக்கும். இடியே விழுந்தாலும் எழாது.

அப்படிக் குட்டிகள் கிடந்த பருவத்தில்தான் புல்வெட்டும் இயந்திரம் வந்தது. தீப்பிடிக்கும் முன் மொத்தப் புல்லையும் வெட்டிவிட வேண்டும் என்பது மேலதிகாரியின் உத்தரவு. தாங்கள் இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"அம்மா, நகருங்க. எனக்கு வேலை போயிடும்," என்றார் ஓட்டுநர்.

"குட்டி கிடக்குதுப்பா."

"எங்கே கிடக்கு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் நடுவுல உட்காரப்போறேன்?"

மேலதிகாரி வந்து சத்தம் போட்டார். "ஒரு குட்டியைக் காட்டுங்க, இல்லேன்னா எழுந்திருங்க."

"பால் கொடுக்கத் தாய் வரும். அதுவரைக்கும் இருங்க," என்றீர்கள். நாங்கள் மாறி மாறிக் குடை பிடித்தோம்.

வெயில் சாய்ந்ததும் பெண்மான் ஒன்று தயங்கித் தயங்கி வந்தது. இயந்திரத்தின் கத்திக்கு எட்டும் தூரத்தில் புல் அசைந்து, தள்ளாடும் கால்களோடு ஒரு குட்டி எழுந்து நின்றது. ஓட்டுநர் சாவியை உருவி அதிகாரியின் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

உத்தரவை மீறியதற்காகத் தங்களை வாயிற்காவலுக்கு மாற்றினார்கள். அங்கும் தாங்கள் ஓயவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து கேட்டுக் கேட்டு, தீத்தடுப்புக்கு ஓரங்களை மட்டும் வெட்டுவது, குட்டிகள் ஓடத் தொடங்கிய பிறகே உள்ளே போவது என்ற விதியை வாங்கிய பின்னரே களத்துக்குத் திரும்பினீர்கள்.

முட்டிவலி குறைந்து, உறக்கம் நிறைந்து, உற்றாரோடும் உடல்நலத்தோடும் நெடுங்காலம் வாழ்வீராக. அந்த விதியைத் தளர்த்த யாராவது வந்தால், தங்களுக்குச் சொல்லியனுப்ப மாட்டோம். உட்கார எங்களுக்கும் தெரியும்.

என்றும் அன்புடன்,
புல்வெளிக் காப்பகப் பணியாளர்கள்