ஆறாங்கிளாஸுல ஒரே ஒரு சீட்டு

...இதப் போயி ஒரு ஸ்கூலுன்னு வெளிய சொன்னா சிரிப்பாங்க! உக்காருங்க உக்காருங்க... ஐயோ அந்தச் சேரு வேணாம், கால் ஆடும். இப்படி நிழலுக்கு வாங்க. ஆஃபீஸம்மா சாப்பிடப் போயிருக்கா, ஒரு மணிக்குத்தான் கதவத் தொறப்பா. இந்த டூசான் ஊரு வெயில்ல நாம கருகுனா அவளுக்கென்ன! என் பேரு மரிசேலா. பெரியவன் எஃப்ராயின் இங்கதான் பன்னெண்டாவது. உங்க பேரு? ஒதிலியா... நல்ல பேரு. கையில ஃபாரமா? சீட்டுக் குலுக்கல்ல மகளுக்கு எடம் விழுந்துடுச்சா! எந்தக் கிளாஸு?

ஆறாவதா. ...ஓ. ...ம்.

இன்னிக்கு மூணு மணிக்குள்ள கையெழுத்துப் போடலேன்னா அடுத்த பிள்ளைக்குப் போயிடும்ல? தெரியும், தெரியும்.

பாரு தங்கச்சி, உன் நல்லதுக்குச் சொல்றேன். கவர்மெண்டு காசுல தனியா நடத்துற சார்ட்டர் ஸ்கூலு, ஃபீஸு வாங்கல, இல்லேங்கல. ஆனா இந்தக் கட்டடம் முன்னாடி என்ன? மளிகைக் கடை! என் பையன் கணக்குப் படிக்கிற ரூமுலதான் கறி வெட்டுவாங்க. நானே அங்க நின்னு பன்னி விலா வாங்கியிருக்கேன். தரையில தண்ணி போற ஓட்டை இன்னும் அப்படியே இருக்கு. பென்சில் விழுந்தா நேரா அதுக்குள்ளதான் போகும்!

ஜிம்மு? கெடையாது. மைதானம்? கெடையாது. பி.டி. கிளாஸு இந்தா, கார் நிறுத்துற இந்த எடத்துலதான். அந்த மாஸ்டர் "ஓடு"ன்னு கத்துனத நான் கேட்டதில்ல. "நில்லு, கார் வருது!" இதேதான். கேன்டீனும் கெடையாது. முந்நூறு பிள்ளைக்கு நாலு மைக்ரோவேவ். நான் விடியக்காலையில எழுந்து ரொட்டிக்குள்ள பீன்ஸு வச்சு புரித்தோ சுத்திக் குடுக்குறேன், அவன் ஆறு வருஷமா அத ஜில்லுனுதான் திங்கிறான். அரை மைல்ல பெரிய ஸ்கூலு இருக்கே, போயிப் பாரு, நீச்சல் குளமே இருக்கு! பேண்டு, ஃபுட்பாலு... எல்லாம் இருக்கு.

என்னது? படிப்பா?

...படிப்பு... ம், பரவால்ல. அதான், அந்தக் கறி ரூமுல படிச்சு காலேஜ் லெவல் பரீட்சையில அஞ்சுக்கு அஞ்சு வாங்கிட்டான். அவன் மட்டுமா? கிளாஸுல பாதிப் பேரு! காலேஜ் அட்மிஷனுக்குன்னே ஒரு டீச்சரு, ஓச்சோவா மிஸ். அவ உக்கார்ற எடம் ஐஸ்கிரீம் வச்சிருந்த ரூமு, ஒரு ஜன்னல் இல்ல. ஆனா அந்தப் பொம்பளை இருக்காளே... காலேஜுக்கு அனுப்புற கட்டுரைய எம்பையன பதினோரு தடவ திருத்தி எழுத வச்சா! பதினோரு தடவ! அவன் அழுதான், நான் அவளத் திட்டுனேன். ஒம்போது காலேஜுக்குப் போட்டான், ஏழு கூப்பிட்டுச்சு. ஒரு காலேஜு, படிப்பு, சாப்பாடு, தங்குறது, எல்லாமே நாங்க பாத்துக்கிறோம்னுட்டான். நான் மோட்டல்ல பெட்ஷீட் தொவைக்கிறேன், வீட்டுக்காரரு கூரை போடுறாரு. எங்க வம்சத்துலயே காலேஜ் வாசல மிதிச்ச ஆளு கெடையாது. லெட்டர் வந்தன்னிக்கு இந்தா, இந்தத் தரையில உக்காந்துதான் ஓன்னு அழுதேன். தார் சுட்டதுகூடத் தெரியல...

எங்க விட்டேன்? ஆங், ஜிம்மு! ஜிம்மே கெடையாது!

சிரிக்காத. ...நானா? நான் சும்மாதான் வந்தேன். ...சும்மா இல்ல. சே, எனக்குப் பொய்யே வராது.

சின்னவ ஒருத்தி இருக்கா, நயேலி. அஞ்சாவது முடிக்கிறா. அண்ணன் இங்க படிக்கிறதால அவளுக்குக் குலுக்கலே வேணாம், ஜனவரிக்குள்ள ஃபாரத்தக் குடுத்தாப் போதும். கடைசி நாளு வரைக்கும் நான் என்ன பண்ணேங்குற? ஜிம்மு இல்லேன்னு புகார் எழுதிட்டு இருந்தேன். மூணு பக்கம்! கோவமா வந்து ஆஃபீஸுல டொம்முனு வச்சுட்டு விறுவிறுன்னு போயிட்டேன். ஃபாரம் கைப்பையிலயே கெடந்துச்சு, தங்கச்சி. ரெண்டு வாரம் கழிச்சு தக்காளிச் சல்சாக் கறையோட எடுக்குறேன்! புகாருக்குப் பலன் வந்துச்சு. அதோ, கூடைப்பந்துக் கம்பம் ஒண்ணு நட்டாங்க. நயேலிக்கு வந்தது வெயிட்டிங் லிஸ்ட்டு, மொத நம்பரு. இன்னிக்கு யாராச்சும் கையெழுத்துப் போடாம விட்டா...

ஆமா. நீதான் அந்த யாராச்சும்.

உன் மக எப்படி? கணக்குல கெட்டியா? ...நட்சத்திரம் பாக்குற படிப்பா? பதினோரு வயசுலயேவா! அட... அப்ப இந்த ஸ்கூலுதான். போ, இதவிட நல்ல எடம் கெடைக்காது. மைக்ரோவேவ நம்பி மட்டும் அனுப்பாத.

இந்தா கதவு தொறந்தாச்சு. என்ன தேடுற? பேனாவா? இந்தா, என்னுது. நயேலி ஃபாரத்துக்குன்னு கொண்டாந்தேன்... பரவால்ல, போடு. அழுத்திப் போடு, அடியில ரெண்டு காப்பி இருக்கு.

போட்டுட்டு பேனாவத் திருப்பிக் குடுத்துடு, எனக்கு வேணும். மூணு பக்கத்துக்கு ஒரு கம்பம் நட்டாங்கல்ல? பத்துப் பக்கம் எழுதுறேன், ஆறாவதுக்கு இன்னொரு செக்‌ஷன் வருதா இல்லையான்னு பாத்துடுவோம். எடமா இல்ல? காய்கறி வச்சிருந்த பக்கம் காலியாத்தான் கெடக்கு!