ஆகாயத்தில் தொங்கிய ஒட்டடை

கல்யாணப் பந்தியில இலை போட்டாச்சுன்னு வாசம் சொல்லுது... ஒரு சின்னக் கதை. அதைச் சொல்லிட்டு நானும் உங்களோட சாப்பிட வந்துடறேன்.

உடுமலைப்பேட்டையில காசிலிங்கம்னு ஒருத்தர், ரிட்டயர்டு சர்வேயர். சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம் பார்ப்பார். அவர் வீட்டுக்கு மருமகளா வந்தவ பூங்கோதை. ஒருநாள் காலையில திடீர்னு மாமனார் சுவத்தைக் காட்டறார். "அங்க ஒட்டடை தொங்குது. கண்ணு தெரியலையாம்மா உனக்கு?" அவ போய்ப் பார்க்கிறா... ஒண்ணும் இல்ல. இருந்தாலும் அடிக்கிறா. மறுநாள் சமையலறையில ஒட்டடைங்கறார். அதுக்கும் மறுநாள் பூஜை அறையிலயாம். வளர்ப்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தையும் விட்டுட்டார். அந்தப் பொண்ணு அழுதா. அம்மா வீட்டுக்குப் போயிடறதுன்னு துணியெல்லாம் பெட்டியில அடுக்கிட்டா. கோபம் வராதா? உங்களுக்குன்னா வராதா?

கிளம்பறதுக்கு முன்னாடி நியாயம் கேட்டுடணும்னு, ஒட்டடைக் கம்பைக் கொண்டுவந்து அவர் கையில கொடுத்தா.

"மாமா, எங்க இருக்குன்னு நீங்களே தொட்டுக் காட்டுங்க."

அவரும் கம்பை நீட்டறார்... ஒட்டடை நகருது. இவர் இடப்பக்கம் பார்த்தா அதுவும் இடப்பக்கம் போகுது. துரத்திக்கிட்டே போறார்... ஜன்னல் வந்துடுச்சு. வெளியே ஆகாயம்... அங்கயும் ஒட்டடை தொங்குது.

மனுஷன் கம்போட அப்படியே நிக்கிறார்.

இப்பச் சொல்லுங்க, யார் ஜெயிச்சது? அவதானே? சிரிச்சிருக்கலாம். சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். அவ சிரிக்கல. ஒவ்வொரு கண்ணா மூடிப் பார்க்கச் சொன்னா. வலது கண்ணுல மட்டும் நூல் நூலா மிதக்குது, ஓரத்துல கறுப்பா ஒரு நிழல் வேற.

"செருப்பைப் போடுங்க மாமா. ஆட்டோ வரச் சொல்லிட்டேன்."

அடுக்கின பெட்டி அடுக்கினபடி கிடந்துச்சு.

டாக்டர் பார்த்துட்டு, விழித்திரை கிழிஞ்சிருக்குன்னார். இப்படித் திடீர்னு நூலோ புள்ளியோ நிழலோ தெரிஞ்சா அன்னிக்கே ஓடி வரணுமாம். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இந்தப் பார்வை திரும்பியிருக்காதுங்க."

ஆபரேஷன் ஆகி, கண்ணெல்லாம் ஆறின பிறகு ஒருநாள் காசிலிங்கம் கூடத்துல அண்ணாந்து பார்த்தார். மூலையில நிஜமாவே ஒரு ஒட்டடை. பூங்கோதையும் பார்த்துட்டா... அவர் கம்பை எடுத்துத் தானே அடிச்சார்.

சம்பந்திமாரே... வந்த பொண்ணுகிட்ட திடீர்னு குறையாவே தெரிஞ்சா, முதல்ல ஒரு கண்ணை மூடிப் பாருங்க. கல்யாணப் பொண்ணே, உனக்கும் ஒண்ணு சொல்றேன். நியாயம் முழுக்க உன் பக்கம் நிக்கிற நாள் ஒண்ணு வரும். அன்னிக்குப் பூங்கோதையை நினைச்சுக்கோ. ஜெயிச்ச கையாலேயே, தோத்தவர் கையைப் பிடிச்சு ஆட்டோவுல ஏத்தினாளே... அந்த மனசு எனக்கு வராதும்மா. அதனாலதான் அவளைக் கும்பிடறேன்.