பதினெட்டு மீட்டர் கல்லும் பன்னிரண்டு நாட்காட்டிகளும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகரத்தலைவர் உச்சியாமா அவர்களே, கூரைப் பனியைத் தள்ளித் தள்ளித் தோள் காய்த்துப்போன பெரியோர்களே, வாசலில் வழி வெட்டிய பிறகே அடுப்பை மூட்டும் தாய்மார்களே, பின்வரிசையில் இனிப்புக் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் காலை வணக்கம். குடியுங்கள், குடியுங்கள். எனக்கும் ஒரு குவளை மிச்சம் வையுங்கள்.

நான் நகுமோ சினாட்சு. நகர அலுவலகத்தில் பனிப் பதிவேடுகளோடு உட்கார்ந்திருப்பவள். மேடை எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் இன்று நான்தான் பேச வேண்டும். ரயில் நிலைய வாசலில் நிற்கும் கல்லில், '1981, ஒரே குளிர்காலத்தில் பதினெட்டு மீட்டர் பனி' என்று வெட்டியிருக்கிறதே, அந்த எண்ணை மாற்ற உங்கள் சம்மதம் கேட்டு வந்திருக்கிறேன்.

கேட்கிறது, ஹிராயாமா ஐயா. மிட்டாய்ப் பெட்டியில் 'பதினெட்டு மீட்டர்' என்று அச்சடித்துவிட்டீர்கள். பெட்டி தீரும்வரை விற்றுக்கொள்ளுங்கள். மிட்டாயின் நீளம் என்று சொல்லிவிடலாம்.

நம் கமினோசவாவில் எண்பத்தொரு குளிர்காலங்களின் பனி எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. எதை வைத்து அளந்தோம்? ஒரு வெள்ளைப் பலகையை வைத்து. காலை ஒன்பது மணிக்குப் பலகைமேல் விழுந்திருக்கும் புதுப்பனியை அளக்க வேண்டும், எழுத வேண்டும், பலகையைத் துடைத்துப் பனிமேல் மறுபடி வைக்க வேண்டும். நாளுக்கு ஒரே முறை. ஏன் ஒரே முறை? பனி தன் பாரத்தாலேயே அமுங்கும். நாள் முழுதும் கிடந்தால் முப்பது சென்டிமீட்டர் காட்டும் பனி, நடுவில் ஒரு முறை அளந்து துடைத்து, இரண்டையும் கூட்டினால் முப்பத்துமூன்று காட்டும். விழுந்தது அதே பனிதான். எண் மட்டும் வளர்ந்துவிடும்.

1977 முதல் 1989 வரை, பன்னிரண்டு குளிர்காலங்களில் நம் எண் அப்படி வளர்ந்திருந்தது. மாவட்ட வானிலை ஆய்வாளர்கள் என்னிடம், காரணம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பன்னிரண்டையும் நீக்கிவிடுவோம் என்றார்கள். அந்த ஆண்டுகளில் அளந்தவர் யார்? உங்களுக்கே தெரியும். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் குரொகி இசாவோ ஐயா. முப்பத்தேழு குளிர்காலம் ஒரு நாள்கூடத் தவறாமல் அளந்தவர். அவரிடம் போய், உங்கள் எண் தவறு என்று எப்படிச் சொல்வேன்? இரண்டு வாரம் அவர் தெருப்பக்கமே போகவில்லை. மூன்றாம் வாரம் போனேன்.

பதிவேட்டை விரித்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"சாயங்காலமும் அளந்தேன்" என்றார். "சிஸூஎ கேப்பா."

அவர் மனைவி சிஸூஎ அம்மாள், கூரைப் பனி தள்ளும்போது வழுக்கி விழுந்து முதுகெலும்பு முறிந்தவர். பன்னிரண்டு குளிர்காலம் ஒரே அறையில் படுக்கை. நம் வீடுகளில் நவம்பர் பிறந்ததும் என்ன செய்வோம்? பனி ஏறிக் கண்ணாடி உடையாமலிருக்க சன்னல்களுக்குப் பலகை அடிப்போம். அவர் சன்னலுக்கும் அடித்தார்கள். வெளியே ஊரே வெள்ளை. உள்ளே அவருக்கு இருட்டு. நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு அவர் கேட்பாராம், இப்போது எவ்வளவு என்று. குத்துமதிப்பாகச் சொல்ல இவருக்கு மனம் வரவில்லை. போய் அளந்துவந்து சொன்னார். அளந்த கை என்ன செய்யும்? பழக்கத்தில் பலகையைத் துடைக்கும். துடைத்த பனியைக் கணக்கில் சேர்க்காமல் விடலாமா? அது பொய்யாகாதா? மறுநாள் காலை எண்ணோடு கூட்டி எழுதினார்.

பார்த்தீர்களா? நேர்மையால் வந்த பிழை!

"அப்போ நான் ஊருக்குத் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். அவர் உள்ளே போய்ப் பன்னிரண்டு நாட்காட்டிகளைக் கொண்டுவந்தார். சிஸூஎ அம்மாள் படுத்தபடியே, ஒவ்வொரு மாலை எண்ணையும் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். சில இடங்களில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரியும் உண்டு. 'முப்பத்துநான்கு. அவர் காது சிவந்திருந்தது.'

அந்தப் பென்சில் எழுத்தால்தான், அன்பர்களே, நம் பன்னிரண்டு ஆண்டுகள் பிழைத்தன! இரண்டு குளிர்காலம் இரண்டு பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றை நாளுக்கு ஒருமுறை துடைத்தேன், மற்றதை இருமுறை. எவ்வளவு கூடுகிறது என்று கண்டு, நாட்காட்டியின் மாலை எண்ணை வைத்து நாள் நாளாகத் திருத்தினேன். 1981இன் பதினெட்டு மீட்டர், பதினாறு மீட்டர் எழுபது ஆகிறது. அந்தப் பன்னிரண்டின் சராசரி பதினான்கிலிருந்து பதின்மூன்றாகிறது. கடந்த பன்னிரண்டின் சராசரியோ ஒன்பதரை.

ஆம், பனி குறைகிறது. அதை எந்தத் திருத்தமும் மறைக்காது. குரொகி ஐயாவே சொன்னார்: "இப்ப அந்த சன்னலுக்குப் பலகை அடிக்கிறதே இல்லம்மா. அவ்வளவு உயரம் பனி ஏறுறதில்ல. இருந்திருந்தா, அவளே பாத்திருப்பா."

கல்லில் எண் குறைந்தால் ஊர் குறையுமா? அவர் முப்பத்தேழு குளிர்காலம் குறையுமா? இந்தக் கதையைச் சபையில் சொல்லச் சொன்னதே அவர்தான். "மறைச்சா மறுபடியும் தப்பாயிடும்" என்றார். தன் பிழையைத் தானே சபையில் சொல்லச் சொல்லும் ஒருவரை இந்த ஊர் பெற்றிருக்கிறதே, அதைவிடப் பெரிய எண்ணை எந்தக் கல்லில் வெட்டப் போகிறோம்?

சம்மதிப்பவர்கள் கை உயர்த்துங்கள். ஹிராயாமா ஐயா, இரண்டு கையும் வேண்டாம், ஒன்று போதும்.

நன்றி. கடைசி நாட்காட்டியின் கடைசி வரியைப் படித்துவிட்டு இறங்குகிறேன். 1989, ஏப்ரல். அந்தக் கோடையில் சிஸூஎ அம்மாள் காலமானார். 'பூஜ்யம். சன்னல் பலகையைக் கழற்றிவிட்டார். நானே பார்க்கிறேன்.'

மணி ஒன்பதாகப் போகிறது. வெளியே பலகைமேல் இரவுப் பனி காத்திருக்கிறது. இன்று குரொகி ஐயா அளப்பார், ஒரே ஒரு முறை. வாருங்கள், நாமும் போய்ப் பார்ப்போம். வணக்கம்.