தெருவில் திரும்பி வந்த கோபம்

சேவூர் டவுன் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண், "எம்புருஷன் நேத்து ஒருத்தனை நல்லா திட்டினாருக்கா" என்று பெருமையாகச் சொன்னார்.

பக்கத்து அக்கா திரும்பினார். "அதுக்கா இவ்ளோ சந்தோஷம்?"

"மூளையில ஆபரேஷன் ஆனதுலேர்ந்து சாதுவா உக்காந்துகினு இருந்தாரு. யாரோ வேத்து ஆளுகூட குடும்பம் நடத்துற மாதிரி இருந்துச்சு. குணமெல்லாம் மூளையிலதான், மாறலாம்னு டாக்டர் முன்னாடியே சொன்னாரு."

"அப்புறம்?"

"நேத்து தறிக்காக தெரு நீளத்துக்குப் பட்டு நூல் பாவு இழுத்துக் கட்டிகினு இருந்தோம். ஒருத்தன் நூலு மேலயே பைக்கை வுடப் பாத்தான். இவரு எழுந்து போட்டாரு பாரு ஒரு சத்தம், அவன் வண்டியைத் தள்ளிகினே திரும்பிட்டான். அப்படியே பழைய மனுஷன்."

"அப்ப அந்தக் கோவம் மூளையில இல்லியாடி?"

"பாதியை நம்ம தெருவுல வச்சிருந்தாரு போலக்கா."