நான்காம் திடலில் ஏறியவர்கள்

சாயங்காலம் ஆறே முக்கால். ஜனவரி மாதம். நச்சுவாயு சோதிக்கும் நான்காம் திடலிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பாதை... பதினெட்டு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது, ஒரு மரம் கிடையாது. பனிவெளி மட்டும்.

அடுப்பில் இன்னொரு கட்டை போடுங்கள், சொல்கிறேன்.

க்ளாவா என்னோடு ராணுவச் சலவைக்கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். அவள் புருஷன் இக்னாத்துக்குத் திடலில் வேலை. இக்னாத்தின் அண்ணன் வெனியாமின் பேருந்து ஓட்டுநர். ஆட்களைக் காலையில் திடலுக்குக் கொண்டுபோய் மாலையில் கூட்டிவருவது அவர்தான்.

அதற்கு முந்தைய ஜனவரியில் ஒரு நாள் ஒன்பது பேரை ஏற்றிப் போனார். தம்பியும் அதில் ஒருவன். மாலையில் காலிப் பேருந்துதான் திரும்பியது. காற்று திசை மாறிவிட்டதாம்... அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். உடல்களைக்கூடத் தரவில்லை. அதிகாரி ஒருவர் வீடு வீடாக வந்து தாளை நீட்டினார். 'என் கணவர் திடலில் வேலை செய்யவில்லை, வடக்கே போய்விட்டார்' என்று அதில் எழுதியிருந்தது. ஒன்பது பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். போடாவிட்டால் பிள்ளைகளோடு ஊரைவிட்டுத் துரத்திவிடுவார்கள்.

வெனியாமினும் போட்டார், அன்று பேருந்தில் யாரும் ஏறவில்லை என்று. அவருக்கு இரண்டு அறை வீடு கிடைத்தது. குழாயில் வெந்நீர் வரும் வீடு.

ரொட்டிக் கடை வரிசையில் எல்லோர் முன்னாலும் க்ளாவா அவரைக் கேட்டுவிட்டாள். "தம்பிய வித்து வெந்நியில குளிக்கிறீங்களே, சூடு போதுமா?"

அவர் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சொல்ல வந்த அந்த ஜனவரி மாலை, திடலின் காவலர்களுக்கு ரொட்டி இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். திடல் ஆட்கள் முன்பு ஏறும் பழைய நிறுத்தத்தில் இன்ஜின் தானாக அணைந்தது. கதவு... ஸ்ஸ்ஸ் என்று திறந்தது.

முதலில் வந்தது வாசனை. அப்போதுதான் அறுத்துப் போட்ட புல்லின் வாசனை. முழங்கால் ஆழப் பனியில்! திடலின் நச்சுவாயு அப்படித்தான் மணக்குமாம். பிறகு திடலில் போடும் ரப்பர் உடுப்பு உராயும் சத்தம். கிறீச்... கிறீச்... ஒவ்வொருவராக ஏறினார்கள். நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியமில்லை. காலடிகளை மட்டும் எண்ணினார். ஒன்பது பேர்.

ஊருக்குள் அவர் பிரேக்கைத் தொடவேயில்லை. ஆனாலும் அந்த ஒன்பது வீட்டு வாசலிலும் பேருந்து நின்றது. வாசலுக்கு ஒருவராக இறங்கினார்கள். கடைசியாக க்ளாவாவின் வீடு.

முதுகுக்குப் பின்னால் மெல்லிய குரல். "போய்ட்டு வரேண்ணே."

வெனியாமின் ஸ்டியரிங்கில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதார். தலையைத் தூக்கியபோது யாரும் இல்லை.

உள்ளே க்ளாவா கதவு தட்டும் சத்தம் கேட்டாள்.

"க்ளாவா... நாந்தான். தெற. குளிருது."

புருஷன் குரலேதான். ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது... வேறொரு திடலில் புருஷனை இழந்த அடுத்த தெருப் பெண்ணைப் போன மாதம் அதிகாரிகள் இப்படித்தான் சோதித்தார்கள். செத்தவனின் சிநேகிதன் என்று ஒருவன் வந்து பேச்சுக் கொடுத்தான். அவள் உண்மையை உளறிவிட்டாள். மறுநாளே மூட்டைமுடிச்சோடு வெளியேற்றினார்கள். க்ளாவா திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பிடி யாரும் இங்க இல்ல," என்றாள் கதவைப் பார்த்து. "எம் புருஷன் திடல்ல வேல செய்யல. வடக்க போயிட்டாரு."

வெளியே சத்தமே இல்லை.

அன்று ஒன்பது வீட்டிலும் கதவு தட்டப்பட்டது. ஒன்பது பெண்களும் அதையேதான் சொன்னார்கள். தாளில் இருந்ததை, ஒரு சொல் மாறாமல்.

விடியும் முன்பே வெனியாமின் வந்தார். ஜன்னல் வழியாக அவர் முகத்தைப் பார்த்த பிறகே க்ளாவா தாழ்ப்பாளை எடுத்தாள்.

"ஒம்பது பேரும் ஏறுனாங்கம்மா," என்றார்.

"யாரும் ஏறலன்னுதானே எழுதிக் குடுத்தீங்க?"

அவர் கீழே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நடந்து வந்த தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பூட்ஸ் தடம். தெருவிலிருந்து வாசல்வரை வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

க்ளாவா சட்டென்று உள்ளே திரும்பினாள்.

மகள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலருகே பலகைத் தரையில் பனி உருகிய ஈரம்... இரண்டு பூட்ஸ் தடங்கள். நுனி கட்டிலைப் பார்த்து.