தோள் நோ மாறிய வகுப்பு

போன சனிக்கிழமை ஸ்ரீல்ஸ் வீதிப் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி வலது தோளை மெல்லச் சுழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"என்ர தோள் நோ மாறிச் சுகமானதுதான் எனக்கு எரிச்சலாக் கிடக்கு."

மற்றவள் சிரித்தாள். "மூட்டு நோவை அமத்தி மாத்திற ஒரு கைரோபிராக்ரர் கதைக்கிற கதையே இது?"

"லைசென்ஸைப் புதுப்பிக்க இத்தனை மணித்தியாலம் படிக்கவேணுமெல்லே. வகுப்புக்குப் போனால், படிப்பிக்க வந்து நிக்கிறாள் சுமதி."

"எங்களோட படிச்ச சுமதியோ?"

"அவளேதான். நான் சொல்லிக் குடுத்துச் சோதினை பாஸ் பண்ணினவள். செய்து காட்ட ஆராவது வாங்கோ எண்டாள். ஒருத்தரும் எழும்பேல்லை, நான் போய்ப் படுத்தன். எத்தினை வருசமாக் கிடந்த தோள் நோ. ஒருக்கா அமத்தினாள், நோ போயிட்டுது."

"நல்லதுதானே."

"எல்லாருக்கும் முன்னால, இப்ப எப்பிடி இருக்கு எண்டு கேட்டாள். ஒரு வித்தியாசமும் இல்லை எண்டிட்டன்."

மற்றவள் திரும்பிப் பார்த்தாள். "அவள் என்ன சொன்னவள்?"

"முகம் வாடிப்போச்சு. சொறி, மன்னிச்சுக்கொள் எண்டாள். எனக்குச் சந்தோசமா இருக்கும் எண்டு நினைச்சன். இருக்கேல்லை."

பஸ் மில்லிக்கன் நிறுத்தத்தைத் தாண்டியது. அவள் மறுபடி தோளைச் சுழற்றிப் பார்த்தாள்.

"அடுத்த மாதமும் அவளின்ர வகுப்புக்குப் பேர் குடுத்திட்டன்."

"உனக்கு வேண்டிய மணித்தியாலம் முடிஞ்சுதெல்லே?"

"ஓம், முடிஞ்சுது. அவள் எந்த இடத்தில அமத்தினவள் எண்டு எனக்கு இன்னும் பிடிபடேல்லை."