பெரிய கோச்சுக்கு இன்னொரு வருஷம்

பதுளையிலிருந்து லுணுகலைக்கு மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிற பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஒரு பெண் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“தலைவரே, எங்க வீட்டுக்காரர டீமோட பெரிய கோச் வேலையில இருந்து நிப்பாட்டிருங்க.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோட்டத்துக் கால்பந்துக் கழகத் தலைவர் சிரித்தார். “என்னக்கா, கப்பு வாங்கிக் குடுத்த மனுஷனையா?”

“கப்பு உங்களுக்கு. டீம் ஜெர்சி பூராவும் எனக்கு. கொழுந்து பறிச்சிட்டு வந்து தொவைச்சா, இந்த மழையில எங்க காயுது?”

“அவரே நேத்து வந்து, ஒப்பந்தத்த நீட்டாதீங்கன்னு சொல்லிட்டாருக்கா. நீங்க கஷ்டப்படுறதப் பாக்க முடியலையாம்.”

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. மூடுபனி ஜன்னலை உரசிக்கொண்டு போனது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா பாருங்க.” அவள் குரல் குழைந்திருந்தது. “இன்னும் ஒரு வருஷம் போடுங்க தலைவரே. ஜெர்சிய அவனவனே தொவைச்சுக்கட்டும்.”